கம்பளி போர்த்திய கோப்பரல்

சேவல் சண்டை நடந்த இடத்துக்குப் போலீஸ் வந்ததும், அத்தனை பேரும் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்து மறைந்துவிட்டார்கள். ஆற்றோரத்து வெட்டவெளியில், கையில் ஒரு சேவலை அணைத்துக்கொண்டு, கண்ணாடியும் ஸ்வெட்டருமாக நின்ற ஒரே முட்டாள் நான்தான்.

இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து இதை எழுதாமல் தட்டிக்கழித்து வந்தேன். மழையைப் பற்றி எழுதினேன். எஸ்டேட் ஆபீஸ் டைப்ரைட்டரைப் பற்றி இரண்டு வாரம் இழுத்தேன். இனி எழுத ஒன்றுமில்லை என்று ஆனதும் சேவல் வந்து நிற்கிறது.

நான் சூதாடப் போகவில்லை. நம்புங்கள். மாஜிஸ்திரேட் நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள். எழுபதுகளின் கடைசியில், மலாய் நாட்டில், ஈப்போவுக்கு மேலே மலையில் நான் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணி. தோட்டத்து மேனேஜரான துரைக்குக் கீழே ஆபீஸில் உட்கார்ந்து கணக்கெழுதும் உத்தியோகம். உள்ளுக்குள் மட்டும் நான் ஒரு எழுத்தாளன். எழுத்தாளன் வாழ்க்கையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்துத் தொலைத்திருந்தேன். வாழ்க்கை அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரத்தில் நடப்பதாகச் சொன்னார்கள்.

விசில் சத்தம் கேட்டதும் பக்கத்தில் நின்றவன், "சார், செத்த நேரம் புடிங்க" என்று சேவலை என் கையில் திணித்துவிட்டு ஓடினான். நானும் ஓடியிருக்கலாம். ஆனால் குற்றம் செய்யாதவன் எதற்கு ஓட வேண்டும் என்று ஒரு சட்ட ஞானம் எனக்குள் எழுந்து நின்றது. கூடவே நானும் நின்றேன்.

"சேவல் யாருது?"

"தெரியாது."

"உன் கையிலதானே இருக்கு?"

குனிந்து பார்த்தேன். இருந்தது.

என்னோடு பிடிபட்ட இன்னொருவன் லோரி ஓட்டும் வீராசாமி. அவன் ஓடாததற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. முட்டியில் வாதம்.

என் டியூட்டியில வேணாம்

சின்ன டவுன், சின்ன ஸ்டேஷன். வாசலில் பூச்செடிகள், பின்பக்கம் ஒரே ஒரு லாக்கப். மலைக் குளிரில் அந்த சிமெண்டுத் தரை எப்படி இருக்கும் என்று விவரிக்க மாட்டேன். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் கால் வலிக்கும். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர் கோப்பரல் தங்கையா, சாதாரணப் போலீஸ்காரருக்கு ஒரு படி மேல். தடித்த மீசை. மீசைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத மெல்லிய குரல். அவருடைய மூத்த பெண்ணுக்கு நர்ஸ் வேலைக்கு ஒரு விண்ணப்பம் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். என்னைக் கம்பிக்குள் பார்த்ததும் அவருக்குத்தான் வெட்கம் வந்தது.

"கிராணி சார், என்னா சார் இது?"

"கதை எழுதலாம்னு போனேன்."

"எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அதான் இப்ப நல்லா டைம் கெடச்சிருக்கே," என்றான் வீராசாமி, மூலையிலிருந்து.

காலையிலிருந்து நாங்கள் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் தங்கையா வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஆளனுப்பிக் காதர் பாய் கடையிலிருந்து ரொட்டி சானாயும் ஆட்டுக்கறிக் குழம்பும் வரவழைத்தார். வெளிச் சாப்பாடு லாக்கப்புக்குள் போகக்கூடாது என்பது விதி. அந்த விதியை அவர் வாழையிலைப் பொட்டலமாகக் கம்பிக்கு நடுவில் நீட்டினார்.

நான் வேகமாகச் சாப்பிடுகிறவன். எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஆறாவதாகப் பிறந்தவன் வேறெப்படிச் சாப்பிடுவான்? எங்கள் வீட்டில் நிதானமாக மென்று சாப்பிட்டவன் ஒருத்தன்தான். அவன் மூத்தவன். அவனுக்குப் பறிகொடுக்க ஒன்றுமில்லை, பறிப்பவனே அவன்தான்.

அந்த நேரம் பார்த்து, மேசைக் காலில் கட்டிவைத்திருந்த சேவல் கயிற்றை உருவிக்கொண்டு வெளியே பறந்தது. அது சாட்சிப் பொருள். சாட்சிப் பொருள் தப்பினால் பதில் சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் இருந்த இன்னொரு போலீஸ்காரர், இளவயசுக்காரர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதைத் துரத்தினார். சன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு புறம் சேவல், மறு புறம் அரசாங்கம், நடுவில் பூச்செடிகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறைய ஆட்டுக்கறி இருந்தது.

சிரிப்பு வெளியே போக, கறி உள்ளே போக, இரண்டும் வழியில் சந்தித்துக்கொண்டன. மூச்சு நின்றது. இருமவும் முடியவில்லை. கையைக் காலை ஆட்டினேன். வீராசாமி, நான் சேவல் மாதிரி நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்து ரசித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"கோப்பரல்! ஆளு நீலமாயிட்டாரு! ஓடியாங்க!"

லாக்கப் கதவை ஒரு ஆள் தனியாகத் திறக்கக்கூடாது. இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இதிலே அவர்களுக்கு விளையாட்டே கிடையாது. உள்ளே இருப்பவன் செத்த மாதிரி கிடந்து, கதவு திறந்ததும் அடித்துப் போட்டுவிட்டு ஓடுவதுண்டாம். தங்கையா வெளியே பார்த்து ஒரு தடவை கூப்பிட்டார். பதிலுக்குச் சேவல்தான் கூவியது.

அவர் சாவியை எடுத்தார். திறந்தார். என்னைச் சட்டையோடு தூக்கித் தன் முழங்காலின் மேல் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் உள்ளங்கையால் அறைந்தார். ஒவ்வொரு அறைக்கும் அந்த மெல்லிய குரலில் ஒரு கெஞ்சல்.

"சாவாதீங்க சார்! என் டியூட்டியில வேணாம் சார்! சாவாதீங்க சார்!"

எதிர்ச் சுவரில் ஏதோ பட்டு விழுந்தது. காற்று உள்ளே வந்தது. அதில் பக்கத்துக் கக்கூஸின் நாற்றமும் கலந்திருந்தது. இரண்டையும் சேர்த்து ஆசையாகக் குடித்தேன்.

கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வீராசாமி என் ரொட்டியை முடித்துக்கொண்டிருந்தான். ஏன்டா ஓடவில்லை என்று பின்னால் கேட்டேன்.

"எங்க சார் ஓடறது, முட்டி வலி. அதோட குழம்பு நல்லாருந்திச்சி."

தங்கையா லாக்கப்புக்குள்ளேயே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் உட்கார்ந்திருப்பது கம்பிக்கு எந்தப் பக்கம் என்று உறைத்தது. சட்டென்று எழுந்து, வெளியே போய், கதவைப் பூட்டி, கம்பி வழியாகச் சொன்னார்.

"நான் தொறக்கல. நீங்க சாப்பிடல. சரியா சார்?"

எங்கள் ஊர் மரியாதை

நான் சரி என்றேன். வீராசாமியும் சரி என்றான். மறுநாள் மாஜிஸ்திரேட் போட்ட அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்ததும், வீராசாமி அதைப் பத்துப் பேரிடம் மட்டும் சொன்னான். பதினோராவதாக அது மாரிமுத்துக் கங்காணியின் காதுக்குப் போனது.

கங்காணியார், தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் அந்த வேலையை விட்டு ஓய்ந்தவர். எஸ்டேட் வாசகசாலைச் சங்கத்தின் தலைவர். நான் செயலாளர். வாசகசாலையில் கேரம் போர்டு உண்டு, கிழிந்த பத்திரிகைகள் உண்டு, வாசகர்கள் கிடையாது. ஆனால் விழா உண்டு. யாருக்காவது விழா எடுக்காவிட்டால் கங்காணியாருக்குத் தூக்கம் வராது. ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஓய்வு பெற்றால் விழா. தபால்காரருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததற்கு விழா. எதற்கும் ஆள் கிடைக்காத ஒரு வருஷம், தனக்கே எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கீழே ஈப்போவில் பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்திக்கொண்டவருக்கு வியர்க்கும், ஐந்து நிமிஷத்தில் மடித்துக் கையில் வைத்துக்கொள்வார். எங்கள் மலையில் அந்த மெல்லிசுத் துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே நாங்கள் கம்பளி போர்த்துவோம். சிவப்புக் கட்டம் போட்ட முழுக் கம்பளி. அதன் மேல் மாலை. கௌரவிக்கப்பட்டவர்கள் எல்லாரும் போட்டோவில் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து தப்பி வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். ஆனால் ஒருத்தர்கூடக் கம்பளியைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

"உசுரக் காப்பாத்துன மனுசனுக்கு ஒரு கம்பளி போடலன்னா நாமெல்லாம் என்னாத்துக்குக் கிராணியாரே?" என்றார் கங்காணியார். "அதுவும் காப்பாத்துனது யார? நம்ம செயலாளர!"

"வேண்டாம் கங்காணியாரே. அவருக்கே ஆபத்து."

"மரியாதை செஞ்சா என்னாய்யா ஆபத்து? இன்ஸ்பெக்டர் துவானையே தலைமை தாங்கக் கூப்பிட்டாச்சி. வரேன்னுட்டாரு. பூவுக்குத் திரிங்காப் டவுனுல சொல்லியாச்சி. ஆடும் சொல்லியாச்சி."

ஆடு சொல்லியாகிவிட்டால் எங்கள் பக்கத்தில் எதையும் நிறுத்த முடியாது. கல்யாணம் நின்றிருக்கிறது, ஸ்ட்ரைக் நின்றிருக்கிறது. ஆடு சொன்ன விழா நின்றதில்லை.

ஒரு ரூம் வீடு

அன்று சாயங்காலமே தங்கையா எங்கள் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லாமல் அவரை அப்போதுதான் பார்த்தேன். பாதி உயரம் குறைந்திருந்தார்.

"சார், என்னைக் காப்பாத்துங்க சார்."

உயிரைக் காப்பாற்றியவர் ஒருவர், காப்பாற்றப்பட்டவனிடம் வந்து இப்படிக் கேட்கும்படி வைத்துவிட்டது எங்கள் சங்கம்.

விஷயம் இதுதான். கோப்பரலாகவே பல வருஷம் ஓடிவிட்டது. இந்தத் தடவை அடுத்த படியான சார்ஜன் உத்தியோகத்துக்கு அவர் பெயர் மேலே போயிருந்தது. இன்ஸ்பெக்டரின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் போதும். சார்ஜன் ஆனால் பெரிய குவாட்டர்ஸ் கிடைக்கும். இப்போது இருப்பது ஒரு ரூம். நான்கு பெண்கள், மனைவி பாக்கியம், அவர். மூத்தவள் உடை மாற்ற வேண்டுமென்றால் இவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் மழை எப்படி என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

"தனியா லாக்கப் தொறந்தேன்னு இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா சார்ஜனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இருக்கிற பட்டையையும் உருவிடுவாங்க சார்."

என் மனைவி சரோஜா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "இவர் சேவலைப் புடிச்சதுக்கு நீங்க ஏன்ணே அழுவணும்?" என்றாள். தங்கையாவுக்கு ஆறுதலாகச் சொன்னதுதான். எனக்கு அப்படிப் படவில்லை.

மறுபடி கங்காணியாரிடம் ஓடினேன். ஒரு மணி நேரம் மன்றாடிய பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். லாக்கப் என்ற வார்த்தையே மேடையில் வராது. கிராணிக்குக் காதர் பாய் கடையில் சாப்பிடும்போது தொண்டையில் கறி சிக்கியது, டியூட்டியில் அந்த வழியாக வந்த கோப்பரல் காப்பாற்றினார். அவ்வளவுதான் கதை.

"சத்தியமா சொல்லுங்க."

"லாக்கப்னு என் வாயில வராதுய்யா. சத்தியம்."

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். அதுதான் வந்த வினை.

மேடை

கோயில் பக்கத்துக் கொட்டகையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆட்டுக்கறி வாசனை மேடை வரை வந்தது. எனக்கு அந்த வாசனையே அப்போது ஆகாது.

நடுவில் இன்ஸ்பெக்டர், எல்லாருக்கும் துவான், அதாவது ஐயா. மலாய்க்காரர். அதிகம் பேசாதவர். தமிழ் தெரியாது. அவருக்கு ஒரு பக்கம் தங்கையா, கம்பளியும் மாலையுமாக, முகம் மட்டும் வெளியே தெரிய. மறு பக்கம் மொழிபெயர்க்க நான். மைக்கை அங்கும் இங்கும் நகர்த்தினால் கரகரக்கிறது என்று மேசை நடுவிலேயே கட்டிப்போட்டிருந்தார்கள்.

கங்காணியார் எழுந்தார். தொண்டையில் கறி சிக்கிய கதை கம்பளிக்குப் போதாது என்று அவருக்கு மேடையில் தோன்றிவிட்டது. பின்னால் இதை அவரே ஒப்புக்கொண்டார். "சபைக்கு முன்னால சொல்றதுக்கு ஒரு தரம் வேணாமாய்யா? கறித்துண்டுக்கு எவன் கை தட்டுவான்?"

ஆகவே சபைக்கு முன்னால் அவர் சொன்னது இது:

"அன்னிக்கு அடிச்சிது பாருங்க ஒரு மழ! திரிங்காப் ரோட்டுல மலையே சரிஞ்சி விழுந்திச்சி! நம்ம செயலாளரு கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள! தல மட்டும் வெளிய தெரியுது, முட்டக்கோஸ் மாதிரி! யாரு தோண்டுனது? தன் உசுர மசுரா நெனச்சி, வெறுங்கையால தோண்டுனது யாரு?"

கை தட்டல் கூரையைத் தூக்கியது. அவர்களில் பாதிப் பேர் ஆற்றோரத்திலிருந்து ஓடியவர்கள். என்னை எங்கே பிடித்தார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களும் தட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்கிறார்?" என்றார் மலாயில்.

"கோப்பரல் நல்லவர் என்கிறார், துவான்."

"இவ்வளவு நேரம் அதையா சொன்னார்? திரிங்காப் என்று காதில் விழுந்ததே. கையால் தோண்டிக் காட்டினாரே."

வேறு வழியில்லை. மண்சரிவில் புதைந்த என்னை டியூட்டியில் இருந்த கோப்பரல் தோண்டி எடுத்ததாகச் சொல்கிறார் என்றேன்.

அவர் முகம் மாறியது. தங்கையாவின் பக்கம் திரும்பினார். "என் வட்டாரத்தில் மலை சரிந்திருக்கிறது. ஒரு ஆள் புதைந்திருக்கிறான். நீ டியூட்டியில் இருந்து தோண்டி எடுத்திருக்கிறாய். எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. ஏன்?"

தங்கையா கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் லாக்கப் திறந்த குற்றம். சும்மா இருந்தால் மண்சரிவையே மறைத்த குற்றம். அது நடக்கவே இல்லை என்பது ஒன்றுதான் அதிலிருந்த குறை. கங்காணியார் இதற்குள் இரண்டாவது மண்சரிவை ஆரம்பித்திருந்தார்.

"துவான், மண்சரிவே இல்லை," என்றேன். "நான் உங்கள் லாக்கப்பில் இருந்தேன். சேவல் கேஸ். ஆட்டுக்கறி தொண்டையில் மாட்டிக்கொண்டது. இவர் கதவைத் திறந்து முதுகில் அறைந்து காப்பாற்றினார். இல்லாவிட்டால் அங்கேயே செத்திருப்பேன்."

இன்ஸ்பெக்டரின் காதுப் பக்கம் சாய்ந்ததில் மைக் என் வாய்க்கு நேராக வந்திருந்தது. மலாய் எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் புரியும். முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு, மெல்ல மெல்லப் பரவி, கறி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வரை போனது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "கதவை யார் திறந்தது?"

தங்கையா எழுந்தார். கம்பளி தோளிலிருந்து நழுவியது. "சாயா, துவான்." நான்தான், ஐயா.

"தனியாகவா?"

"தனியாக."

"தப்பு என்று தெரியுமா?"

"தெரியும் துவான். ஆனால் அவர் மூச்சு விடவில்லை."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய லாக்கப்பில் பிணமாகக் கிடந்திருந்தால், எத்தனை பேருக்கு எத்தனை பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. நானும் கணக்கெழுதுகிறவன்தானே. பிறகு எழுந்து, நழுவிய கம்பளியை எடுத்துத் தங்கையாவின் தோளில் தானே சரியாகப் போர்த்திவிட்டார். மைக்கில் ஒரே வாக்கியம்தான் பேசினார். "என் ஸ்டேஷனில் யாரும் சாகவில்லை, அதற்கு இவர்தான் காரணம்."

இந்தத் தடவை ஜனங்கள் நிஜமாகவே தட்டினார்கள். கங்காணியார் விடவில்லை. மறுபடி மைக்குக்குக் குனிந்து, "அதாவது, மண்சரிவு மாதிரியான ஒரு ஆபத்துலேருந்து..." என்று ஆரம்பித்தார். யாரோ போய் வயரைப் பிடுங்கினார்கள்.

இரண்டும் வந்தது

அடுத்த வாரமே தங்கையாவுக்கு மேலிடத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஓர் உயிரைக் காப்பாற்றியதற்குப் பாராட்டு. விதியை மீறிக் கதவைத் திறந்ததற்கு எச்சரிக்கை. பாராட்டு எச்சரிக்கையை அடித்தது, எச்சரிக்கை பாராட்டை அடித்தது. மிச்சம் வழக்கம்போல் கோப்பரல். பட்டையை உருவவில்லை, அது இன்ஸ்பெக்டரின் தயவு. ஆனால் அந்தத் தடவை சார்ஜன் உத்தியோகம் கம்போங் ராஜா பக்கத்திலிருந்து வந்த வேறொருவருக்குப் போய்விட்டது. பெரிய குவாட்டர்ஸும் அவரோடு போனது.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. தங்கையா வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"விடுங்க சார். நீங்க அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா, இல்லாத மலைக்கு நான் ரிப்போர்ட் எழுதிட்டு இருப்பேன். சார்ஜன் இன்னொரு தடவ வரும் லா. நீங்க போனா வர மாட்டீங்க."

சார்ஜன் வந்தது, சில வருஷம் கழித்து. அதற்குள் மூத்த பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. ஆனால் அன்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து சரோஜாவிடம், நம் உயிருக்கு ஒரு மனிதர் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார் பார் என்று உருகி உருகிச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு, காலையில் தானா ராத்தா மார்க்கெட்டில் பாக்கியத்தைப் பார்த்ததாகச் சொன்னாள். தங்கையா அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று இவள் வருத்தப்பட்டிருக்கிறாள். பாக்கியம் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாளாம்:

"அவரச் சொல்லி என்னாக்கா ஆவப்போவுது? காப்பாத்துனதுதான் காப்பாத்துனாரு, ஒரு தொரையாப் பாத்துக் காப்பாத்தக் கூடாதா? போயும் போயும் ஒரு கிராணிய!"